எஞ்சின் டோர்ணமென்டுக்கு ஓப்பனிங் புக் செய்யிறது எப்பிடி: பெரிசு வேண்டாம், செக் பண்ணினது காணும்

செஸ் எஞ்சின் (தானா செஸ் விளையாடுற புரோகிராம்) ஓட விட்டுப் பாக்கிற பெடியள் இப்ப எங்கட வன்னிப் பக்கமும் இருக்கினம். கிளிநொச்சி அறிவியல் நகர்ல இஞ்சினியரிங் படிக்கிறவை, வவுனியா கம்பஸ் பெடியள், ஏஎல் முடிச்சிட்டு ரிசல்ட்டுக்குப் பாத்துக்கொண்டு இருக்கிறவை எண்டு கொஞ்சப் பேர் சொந்தமாவே எஞ்சின் எழுதியும் பாக்கினம். நல்ல விசயம். ஆனா ஓப்பனிங் புக் (தொடக்க மூவுகள எஞ்சின் யோசியாமப் போடுறதுக்கு எழுதி வச்ச பைல்) எண்டு வந்தவுடன எல்லாரும் ஒரே வேலையத்தான் செய்யிறது, நெட்டில ஆரோ போட்ட பெரிய பைல் ஒண்ட இறக்கி எஞ்சினோட கொழுவி விட்டிட்டு "எங்கட புக் 300 எம்பி" எண்டு பெருமையாக் கதைக்கிறது. உந்த 300 எம்பிக்குள்ள உங்கட எஞ்சினுக்குப் பிடிக்காத பொசிசன் எத்தின கிடக்கு எண்டு ஒருத்தரும் பாக்கிறேல்ல.

நான் சொல்லப் போறது முழுக்க ஒரு விசயத்தச் சுத்தித்தான்: புக் எந்த மூவ்ல தொடங்குது எண்டுறது முக்கியமில்ல, எந்தப் பொசிசன்ல முடியுது எண்டுறதுதான் முக்கியம். குளத்தில கதவத் திறந்து விட்டாக் காணாது, வாய்க்கால்ல கடைசி வயல் வரைக்கும் தண்ணி போய்ச் சேருதோ எண்டு நடந்து போய்ப் பாக்கோணும், அதே கதைதான் இதுவும்.

முதல்ல டோர்ணமென்ட் ரூல்ஸ வாசியுங்கோ. சிரிக்காதேங்கோ, பாதி வேலை அதில முடிஞ்சிடும். எஞ்சின் டோர்ணமென்ட் பொதுவா ரெண்டு மாதிரி. ஒண்டு, ஒவ்வொரு டீமும் தன்ர புக்கோட வாறது, 2024 வரைக்கும் நடந்த உலகக் கொம்பியூட்டர் செஸ் சம்பியன்சிப் இந்த மாதிரித்தான், 1974ல ஸ்டொக்ஹோம்ல முதல் தரம் நடந்து சோவியத்தின்ர கைசா வெண்ட அதே சம்பியன்சிப். மற்றது, நடத்துறவையே ஓப்பனிங்கத் தெரிவு செய்து எல்லாருக்கும் குடுக்கிறது, நெட்டில நடக்கிற டிசிஇசி எஞ்சின் போட்டி அப்பிடி. ஒரே ஓப்பனிங்க ரெண்டு எஞ்சினும் ஒருக்கா வெள்ளையிலயும் ஒருக்காக் கறுப்பிலயும் விளையாடும், அதின்ர சூப்பர் பைனல் 100 கேம் எண்டா 50 ஓப்பனிங். ரெண்டாவது மாதிரி எண்டா நீங்கள் புக் செய்து பிரயோசனமில்ல, அந்த நேரத்த எஞ்சின் கோட்டில பிழை பாக்கிறதில செலவழியுங்கோ. முதலாவது மாதிரி எண்டா இன்னும் மூண்டு கேள்வி கேளுங்கோ: புக்குக்கு எத்தின மூவ் எண்டு லிமிட் இருக்கோ, ரவுண்டுக்கும் ரவுண்டுக்கும் இடையில புக்க மாத்த விடுவினமோ, புக் எந்த போர்மட்டில வேணும்.

போர்மட் கதையச் சுருக்கமாச் சொல்லிட்டுப் போறன். செஸ்பேஸ் காரர் சிடிஜி பாவிக்கினம், அரீனாவுக்கு ஏபிகே, மற்ற எல்லா இடமும் கிட்டத்தட்ட பொலிக்ளொட்டின்ர பின் (.bin) பைல்தான். நீங்கள் பொலிக்ளொட்டிலயே செய்யுங்கோ, ஃப்ரூட் எஞ்சின் எழுதின ஃபாபியன் லெடூசே செய்த போர்மட், இலவசம், கியூட் செஸ், பங்சியா, ஸ்கிட் எண்ட செஸ் சொப்ட்வெயார் எல்லாம் வாசிக்கும். அதின்ர அமைப்பும் லேசு. ஒரு என்ட்ரி 16 பைட். அதில 8 பைட் பொசிசன்ர ஹாஷ் கீ (பொசிசன அடையாளம் காட்டுற நம்பர்), 2 பைட் மூவ், 2 பைட் வெயிட் (அந்த மூவ எவ்வளவுக்கு விரும்பிப் போடோணும் எண்ட நம்பர்), மிச்சம் 4 பைட் லேர்னிங்குக்கு எண்டு விட்டது, பெரும்பாலும் சும்மா கிடக்கும். அப்ப பைல் சைஸ 16ஆல பிரிச்சா எத்தின என்ட்ரி எண்டு வந்திடும், 1.6 எம்பி புக் எண்டா கிட்டத்தட்ட 1 லட்சம். பைதன் தெரிஞ்சவைக்கு பைதன்-செஸ் லைப்ரரியில இத வாசிக்கிற பகுதி ரெடியா இருக்கு. சொந்தமா வாசிக்கிற கோட் எழுதிறவை காஸ்லிங்க மட்டும் கவனியுங்கோ, பொலிக்ளொட் அத ராசா தன்ர கோட்டையையே வெட்டுற மாதிரித்தான் எழுதி வைக்கும், இது தெரியாம எழுதினா எஞ்சின் இல்லாத மூவ் ஒண்டப் போட்டு கேமையே குடுத்திடும்.

இன்னொண்டு, இப்பத்த ஸ்டொக்ஃபிஷ்ல (இலவசமாக் கிடைக்கிற பலமான எஞ்சின்) சொந்தமாப் புக் வாசிக்கிற வசதி இல்ல, எடுத்திட்டினம். அதால புக்கக் குடுக்க வேண்டியது ஜியுஐ, அதாவது எஞ்சின ஓட்டிப் பலகையக் காட்டுற சொப்ட்வெயார். உங்கட எஞ்சினுக்குள்ளயே புக் வசதி எழுதியிருந்தா ஜியுஐ புக்க நிப்பாட்டுங்கோ, இல்லாட்டி எது எந்த மூவ் போடுது எண்டே விளங்காது.

சரி, இப்ப கேம்ஸ் எங்க எடுக்கிறது. லீசெஸ் எண்ட செஸ் தளம் தன்ர முழு டேட்டாபேசையும் சும்மா தருது, ஆனா ஒரு மாசத்துப் பைலே பத்துக்கணக்கான ஜிபி, எங்கட மொபைல் டேட்டாவில அத இறக்க நிண்டா பைல் வர முதல் பக்கேஜ் முடிஞ்சிடும், அதோட அதில பாதிக்கு மேல சாதாரண ஆக்கள் விளையாடின பிளிட்ஸ், புல்லட். புக்குக்கு அது வேண்டாம். த வீக் இன் செஸ் எண்டு 1994ல இருந்து கிழமைக்கு ஒருக்கா மாஸ்டர் கேம்ஸச் சேத்துப் போட்டு வாறாங்கள், ஒரு கிழமைக்குரிய சிப் பைல் சின்னன், ராவு டேட்டாவில நாலைஞ்சு மாசத்த இறக்கிப் போடலாம். எஞ்சின் விளையாடின கேம்ஸ் வேணுமெண்டா, எஞ்சின்களுக்கு ரேட்டிங் போடுற சிசிஆர்எல் தளத்தில கிடக்கு. நான் ரெண்டையும் கலக்கச் சொல்லுவன். மனிசர் விளையாடினதில ஓப்பனிங் வகை கனக்க, எஞ்சின் கேம்ஸ்ல பிழையான மூவ் குறைவு.

இறக்கினாப் பிறகு பிஜிஎன்-எக்ஸ்ட்ராக்ட் எண்ட டூல் ஒண்டு இருக்கு, டபுள் கேம்ஸ வெட்டுறதுக்கு. கட்டாயம் வெட்டுங்கோ, ஒரே கேம் மூண்டு தரம் கிடந்தா அந்த மூவ் மூண்டு தரம் விளையாடினதா எண்ணிப்போடும். 20 மூவுக்குள்ள டிரோவான கேம்ஸையும் எறியுங்கோ, ரெண்டு பேர் கைகுடுத்திட்டு எழும்பிப் போன கேம்ல படிக்க ஒண்டுமில்ல. ரேட்டிங் 400 வித்தியாசம் உள்ள கேம்ஸும் வேண்டாம், அதில வெண்டது ஓப்பனிங் இல்ல, ஆள்.

இனி பொலிக்ளொட் புரோகிராமின்ர மேக்-புக் கட்டளை. பிஜிஎன் பைலக் (கேம்ஸ் எழுதியிருக்கிற பைல்) குடுத்தா பின் பைல் வரும். இதில ரெண்டு செட்டிங் முக்கியம். மேக்ஸ்-ப்ளை எண்டுறது எத்தின அரை மூவ் வரைக்கும் எடுக்கிறது எண்டது, வெள்ளை ஒருக்கா கறுப்பு ஒருக்கா சேந்தாத்தான் ஒரு முழு மூவ், அதால 24 எண்டு குடுத்தா 12 மூவ். கியூட் செஸ்ல புக் டெப்த் எண்டு கேக்கிறது முழு மூவ்ல, ரெண்டையும் குழப்பாதேங்கோ. மற்றது மின்-கேம், ஒரு மூவ் குறைஞ்சது எத்தின கேம்ல வந்திருக்கோணும் எண்டு. சொல்லாம விட்டா 3. சின்ன டேட்டாபேசுக்கு அது சரி, கேம்ஸ் கூடக் கூட 10, 20 எண்டு ஏத்துங்கோ. பிறகு ஒன்லி-வைட், ஒன்லி-பிளாக் எண்டு ரெண்டு தனிப் பைலா எடுங்கோ. வெள்ளைக்கு நீங்கள் விரும்புற ஓப்பனிங் வேற, கறுப்புக்கு வேற, ரெண்டையும் தனித்தனியாத் திருத்திப்போட்டு கடைசியா மேர்ஜ்-புக் கட்டளையால சேக்கலாம்.

இவ்வளவும் மெசின் வேலை, ஒரு பின்னேரத்தில முடிஞ்சிடும். கனபேர் இதோட நிப்பாட்டிப் போடுறாங்கள். உண்மையான வேலை இனித்தான்.

பொலிக்ளொட் வெயிட் போடுறது எப்பிடியெண்டா ஒரு வெற்றிக்கு 2, ஒரு டிரோவுக்கு 1. பாக்க நியாயமா இருக்கும். ஆனா இதில ஒரு மூவ் எவ்வளவு நல்லது எண்டதவிட எவ்வளவு பிரபலம் எண்டதுதான் பேசும். ஒரு மூவ் 1000 கேம்ல வந்து 45 வீதம் எடுத்திருக்கு எண்டு வையுங்கோ, வெயிட் 900. இன்னொரு மூவ் 50 கேம்ல வந்து 60 வீதம், வெயிட் 60. எஞ்சின் வெயிட்டின்ர படி குலுக்கல் போட்டா நல்ல மூவ் 16 தரத்துக்கு ஒருக்காத்தான் விழும். இதவிட மோசமான விசயம் ஒண்டு இருக்கு, ஒரு லைன் (அடுத்தடுத்து வாற மூவ் வரிசை) பத்து வருசமா வெண்டு கொண்டு வந்திருக்கும், போன வருசம் ஆரோ அதுக்கு மறுமொழி கண்டுபிடிச்சிருப்பினம், அதுக்குப் பிறகு ஒருத்தரும் அத விளையாடியே இருக்காயினம், ஆனா கணக்கில அது இன்னும் சம்பியன் லைனாத்தான் நிக்கும். செத்துப்போன லைனுக்கு வெயிட் குறையிறேல்ல, அதில விளையாடுறத விட்டிடுறாங்கள், அவ்வளவுதான். அதால வெயிட்ட நம்பி ஒரு லைனையும் உள்ள விடாதேங்கோ.

உலகச் சம்பியன் கஸ்பரோவ வெண்ட ஐபிஎம் மெசின் டீப் ப்ளூவின்ர கதை தெரிஞ்சவை இருப்பீங்கள். 1997 மே 11, ஆறாவது கேம், கஸ்பரோவ் கறுப்பில கரோ-கான். ஏழாவது மூவ்ல அவர் எச்6 எண்டு காலாளத் தள்ளினார், மெசின் குதிரையப் பலி குடுத்து ஈ6ல வெட்டிச்சுது, 19 மூவோட கேம் முடிஞ்சுது. அந்தக் குதிரை வெட்டு மெசின் யோசிச்சுக் கண்டுபிடிச்சதில்ல, புக்கில எழுதி வச்சிருந்த மூவ். இதில நான் பாக்கிறது வேற விசயம், அந்த டீமின்ர கையால செய்த புக்கில கிடந்தது கிட்டத்தட்ட 4000 பொசிசன்தான். ஜோயல் பெஞ்சமின் எண்ட கிராண்ட்மாஸ்டர்தான் பெரும்பாலும் செய்தவர், இன்னும் மூண்டு கிராண்ட்மாஸ்டர்மார் உதவி. கையால எழுதாத இடத்துக்கு மட்டும் 7 லட்சம் கிராண்ட்மாஸ்டர் கேம்ஸ்ல இருந்து எடுத்த கணக்க எஞ்சின்ர யோசனைக்கு ஒரு சின்ன உதவியா வச்சிருந்தினம். உலகச் சம்பியன அடிச்ச மெசினுக்கே 4000 பொசிசன் காணுமெண்டா எங்கட டோர்ணமென்டுக்கு என்னத்துக்கு 300 எம்பி?

இனி லைன் லைனாப் பாக்கிற வேலை. ஸ்கிட் விஎஸ் பிசி சும்மா இறக்கலாம், அதில புக் விண்டோவில பின் பைலத் திறந்து வெயிட்ட மாத்தலாம், மூவ வெட்டலாம். ஒவ்வொரு முக்கிய லைனையும் கடைசிவரைக்கும் போட்டுக்கொண்டு போய், புக் முடியிற பொசிசன்ல ஸ்டொக்ஃபிஷ விட்டு மூண்டு லைன் காட்டச் சொல்லி ரெண்டு மூண்டு நிமிசம் ஓட விடுங்கோ. நான் பாக்கிறது இதுகள்:

ஸ்கோர் எவ்வளவு (பிளஸ் எண்டா உங்கட பக்கம் நல்லம், மைனஸ் எண்டா மோசம்). வெள்ளைக்கு +0.2க்குக் கீழ போனா அந்த லைன் சும்மா, கறுப்புக்கு -0.5க்கு மேல மோசமாப் போனா வெட்டு. இது என்ர அளவு, நீங்கள் கூட்டிக் குறையுங்கோ. ஸ்டொக்ஃபிஷ் 15.1ல இருந்து +1.00 எண்டா அந்தப் பக்கம் வெல்லுறதுக்குப் பாதிக்குப் பாதி சான்ஸ் எண்டு ஸ்கோர ஒழுங்குபடுத்தி வச்சிருக்கினம், அத வச்சு மற்ற நம்பரையும் விளங்கிக்கொள்ளலாம்.

அதவிட முக்கியம், அந்தப் பொசிசன்ல முதலாவது மூவுக்கும் ரெண்டாவது மூவுக்கும் எவ்வளவு வித்தியாசம். முதல் மூவ் 0.0, ரெண்டாவது -2.5 எண்டு காட்டினா அதில ஒரே ஒரு மூவ்தான் உயிர் காக்கும் எண்டு அர்த்தம். ஸ்டொக்ஃபிஷுக்கு அது ஒரு செக்கன் வேலை, உங்கட சொந்த எஞ்சின் 12 அரை மூவ் ஆழத்தோட (டெப்த்) மூச்சு வாங்குற எஞ்சின் எண்டா அது மற்ற மூவத்தான் போடும். சிசிலியன் நைடோர்ஃப்ல வெள்ளை விட்ட காலாள கறுப்பு ராணி போய் வெட்டுற பொய்சன்ட் போன் மாதிரி லைன்கள்ல இது கனக்க. வெட்டுக்குத்து நடந்து கொண்டிருக்கேக்க நடுவில புக்க முடிக்கவே கூடாது. ஒண்டு இன்னும் நாலு மூவ் நீட்டி அமைதியான இடத்தில கொண்டுபோய் விடுங்கோ, இல்லாட்டி அந்தப் பக்கமே போகாத மாதிரி முன்னுக்கே வெட்டுங்கோ. 8 மூவ்ல முடியிற லைனும் 18 மூவ்ல முடியிற லைனும் ஒரே புக்கில இருக்கலாம், எல்லாம் 12 எண்டு ஒரே நீளத்தில வெட்டுறது மேக்-புக்கின்ர சோம்பல், உங்களுக்கு அது வேண்டாம்.

பொலிக்ளொட் பொசிசன வச்சுத்தான் மூவத் தேடும், எந்தப் பாதையால வந்தனீங்கள் எண்டு அதுக்குத் தெரியாது. இதால ஒரு சிக்கல் வரும். கறுப்பில குயின்ஸ் காம்பிட் டிக்ளைன்ட் வேண்டாம் எண்டு முடிவெடுத்து 1. டி4க்கு டி5 எண்ட மூவ வெட்டிப்போடுவீங்கள். பிறகு எதிராளி டி4, நீங்கள் குதிரை எஃப்6, அவர் சி4, நீங்கள் ஈ6, அவர் குதிரை எஃப்3, உங்கட புக் டி5 போடும், பாத்தா வேண்டாம் எண்ட அதே பொசிசன்ல வந்து நிப்பீங்கள். வாசல அடைச்சாப் பிறகு பின்வளவால வந்த மாதிரி. அதால வெட்டேக்க முதல் மூவ மட்டும் வெட்டாம அந்த ஓப்பனிங்கின்ர முக்கியமான பொசிசனுக்கு எந்தெந்த வழியால வரலாம் எண்டு பாத்து வெட்டுங்கோ. சி4ல தொடங்குற இங்கிலிஷ் ஓப்பனிங் வழியாவும் வந்திடும்.

அதே நேரம் எதிராளி போடக்கூடிய எல்லா மூவுக்கும் மறுமொழி வேணும் எண்டு நிண்டு மினக்கெடாதேங்கோ. ஆராவது 1. ஈ4க்கு ஏ6 போட்டா போடட்டும், எஞ்சின் தானா யோசிச்சு நல்லாவே விளையாடும். புக்கில இருக்க வேண்டியது உங்கட மூவ், அதுவும் வழக்கமா வரக்கூடிய பாதையில மட்டும்.

எந்த ஓப்பனிங்கத் தெரிவு செய்யிறது எண்டு எல்லாரும் கேக்கிறவை. உங்கட எஞ்சினக் கேளுங்கோ எண்டுதான் சொல்லுவன். அதக் கேக்கிற முறை இதுதான். கியூட் செஸ்ல உங்கட எஞ்சினயும் கிட்டத்தட்ட அதே பலம் உள்ள ரெண்டு மூண்டு எஞ்சினயும் விட்டு 10 செக்கன் + மூவுக்கு 0.1 செக்கன் மாதிரி சின்ன டைம்ல இரவிரவா விளையாட விடுங்கோ, பிஜிஎன் சேவ் ஆகட்டும். அந்த பிஜிஎன்ல புக் மூவுக்குப் பக்கத்தில புக் எண்டு எழுதியிருக்கும், எஞ்சின் யோசிச்ச மூவுக்கு ஸ்கோர், டெப்த், எடுத்த நேரம் இருக்கும். அப்ப ஒவ்வொரு கேம்லயும் புக் முடிஞ்சு முதல் மூவ்ல உங்கட எஞ்சின் என்ன ஸ்கோர் சொல்லிச்சுது, கடைசியில கேம் என்னாச்சு எண்டு எக்செல்ல ஓப்பனிங் வாரியா அடுக்குங்கோ.

இந்த அட்டவணையத்தான் நான் புக் வேலையின்ர உயிர் எண்டுறது. புக்கால வரேக்க +0.5, ஆனா பத்துக் கேம்ல ஏழு தோல்வி எண்டா, தியரி என்ன சொன்னாலும் அந்த ஓப்பனிங் உங்கட எஞ்சினுக்கு விளங்கேல்ல. ரெண்டு பக்கமும் எதிரெதிராக் காஸ்லிங் பண்ணி ராசாவுக்கு அடிபடுற பொசிசன்கள்ல, ராசா பாதுகாப்பு கோட் பலவீனமான எஞ்சின்கள் இப்பிடித்தான் விழும். வெட்டுங்கோ, கவலைப்படாதேங்கோ, உலகச் சம்பியன் விளையாடினா என்ன, உங்கட எஞ்சின் உலகச் சம்பியன் இல்ல. மறுவளமா, புக்கால வரேக்க -0.3, ஆனா பாதிக்கு மேல வெல்லுது எண்டா அது உங்கட எஞ்சினுக்குப் பிடிச்ச இடம், வச்சிருக்கலாம், எதிராளி மாறினாலும் அப்பிடித்தானோ எண்டு மட்டும் இன்னொரு எஞ்சினோட விட்டுப் பாருங்கோ. தியரி சரியோ எஞ்சின் சரியோ எண்டு வாதாடுறதில பிரயோசனமில்ல, அண்டைக்கு விளையாடப் போறது உங்கட எஞ்சின்தான்.

டெஸ்ட் பண்ணேக்க கேம் எண்ணிக்கையில ஏமாறாதேங்கோ. புது புக்கோட 100 கேம் விட்டு 55-45 எண்டு வந்தவுடன துள்ளிக் குதிக்கிறவை இருக்கினம். கேம்ஸ்ல பாதி டிரோ எண்டு வச்சா 100 கேமுக்கு பிழை எல்லை கிட்டத்தட்ட ±50 எலோ (ரேட்டிங் புள்ளி), 55-45 எண்டுறது வெறும் 35 எலோ வித்தியாசம்தான், ஒண்டும் நிரூபணமாகேல்ல. 1000 கேம் எண்டா ±15க்கு வரும். பழைய லப்டொப்ல 1000 கேம் கன நேரம் ஓடும், ஓடட்டும். ஆனா கவனம், கரண்ட் கட் ஆகி பட்டரிக்கு மாறினா லப்டொப் தன்ர வேகத்தக் குறைச்சுப்போடும், அந்த நேரம் விளையாடின கேம்ஸ எடுக்காதேங்கோ. சித்திரை வெயில்ல மத்தியானம் ஓட விட்டாலும் அதே பிரச்சினை, சூடு ஏறினா சிபியு தானா மெதுவாகும். நாலு கோர் எண்டா ஒரே நேரத்தில மூண்டு கேமுக்கு மேல ஓட விடாதேங்கோ.

எதிராளி ஆர் எண்டதப் பாத்தும் கொஞ்சம் மாத்தலாம். உங்கடத விடப் பலமான எஞ்சின்கள் வாற டோர்ணமென்ட் எண்டா கறுப்பில பெட்ரோஃப், ரூய் லோபஸ் வந்தா பெர்லின் மாதிரி இறுக்கமான இடங்கள், அரைப் புள்ளியாவது பிடுங்கலாம். கிங்ஸ் இண்டியன் எனக்கு நல்ல விருப்பம், ஆனா எஞ்சின்கள் அதில வெள்ளைக்கு நல்ல மேல்கை காட்டும், பலமான எஞ்சினுக்கு எதிரா அதக் கொண்டு போனா தானாப் போய்த் தலையக் குடுக்கிற மாதிரி. உங்கட எஞ்சின்தான் பலம் எண்டா பெர்லின் வேண்டாம், சுவிஸ் முறையில (ஒரே அளவு புள்ளி எடுத்தவை மோதுற முறை) சின்ன எஞ்சினோட டிரோ எடுத்தா பிறகு ஏறுறது கஷ்டம், காய் கனக்க நிக்கிற சிக்கலான பொசிசனுக்குக் கொண்டு போங்கோ.

ஒரே லைன மட்டும் வச்சிருக்கிறதும் ஆபத்து. ஒரு திரட்டில (சிபியுவின்ர ஒரே கோர்ல) ஓடுற எஞ்சின் கிட்டத்தட்ட அதே மூவத்தான் திரும்பப் போடும், ஒருக்கா உங்கள வெண்டவை அடுத்த டோர்ணமென்டில அதே கேமத் திரும்ப விளையாடிப் புள்ளிய வாங்கிக்கொண்டு போயிடுவினம். வெள்ளைக்கு முதல் மூவ் குறைஞ்சது ரெண்டு இருக்கட்டும், கறுப்புக்கு ஈ4க்கும் டி4க்கும் ரெண்டு ரெண்டு மறுமொழி. வெயிட்ட 60-40 எண்டு கையால போடுங்கோ. வரவே கூடாத மூவுக்கு வெயிட் 1 போட்டு விடாதேங்கோ, நூறில ஒண்டு எண்டாலும் அது பைனல்லதான் வரும், முழுசா அழியுங்கோ. வெயிட் கூடின மூவ மட்டும் போடு எண்ட ஒப்சன் சில ஜியுஐயில இருக்கும், அது போட்டிருந்தா நீங்கள் வச்ச ரெண்டாவது மூவ் வரவே வராது, அதையும் பாருங்கோ.

புக்கால நேரமும் மிச்சம், இதக் கனபேர் கணக்கெடுக்கிறேல்ல. 15 நிமிசம் + 10 செக்கன் கேம்ல 12 மூவ் புக்கால போனா 120 செக்கன் சும்மா கூடும், எதிராளி முதல் மூவ்ல இருந்தே யோசிச்சுக் கொண்டிருந்தா அவருக்கு அது இல்ல. ஆனா அந்த ரெண்டு நிமிசத்துக்கு ஆசைப்பட்டு லைன நீட்டி, பாக்காத பொசிசன்ல கொண்டுபோய் விட்டா நட்டம்தான்.

நீங்கள் தான் டோர்ணமென்ட் நடத்துறீங்கள் எண்டா வேலை கொஞ்சம் வேற. அங்க சமமான ஓப்பனிங் குடுத்தா பலமான எஞ்சின்கள் எல்லாம் டிரோவில முடிச்சிடும், பாக்கிற சனத்துக்கும் கொட்டாவி. அதால வெள்ளைக்கு வேணுமெண்டே கொஞ்சம் மேல்கை உள்ள ஓப்பனிங் குடுத்து, ரெண்டு எஞ்சினையும் இடம் மாத்தி ரெண்டு தரம் விளையாட விடுறது. ஸ்டெஃபான் போல் எண்டவர் இதுக்கெண்டே மனிசர் விளையாடின கேம்ஸ்ல இருந்து பொசிசன் தெரிஞ்செடுத்து யுஎச்ஓ எண்டு தொகுப்புப் போட்டிருக்கிறார், இலவசம். எங்கட பெடியள் எழுதின எஞ்சின்களுக்கு அவ்வளவு சரிவு தேவையில்ல, அதுகள் சமமான பொசிசன்லயே தாங்களா விழுந்து எழும்பும், +0.3 அளவில 8 மூவ் ஓப்பனிங் காணும். லிஸ்ட்ட அண்டைக்கு விடியத்தான் வெளியில விடுங்கோ.

டோர்ணமென்டுக்கு முதல் நாள் புக்கத் தொடாதேங்கோ. கடைசி நேரத்தில "இந்த ஒரு லைன மட்டும்" எண்டு கை வைக்கிறதுதான் மேர்ஜ் பண்ணேக்க பழைய கறுப்புப் பைலச் சேத்துப்போட்டு வந்து நிக்க வைக்கிறது. ரெண்டு பென் டிரைவில கொப்பி எடுங்கோ, ஒண்டு உங்களிட்ட, ஒண்டு கூட வாறவரிட்ட. போல்டர் பேர் தமிழில, இடையில ஸ்பேஸ் விட்டு வைக்காதேங்கோ, பழைய சொப்ட்வெயார் சிலது பைலக் கண்டுபிடியாது, கண்டுபிடியேல்ல எண்டு சொல்லவும் மாட்டுது, பேசாம புக் இல்லாமலே விளையாடும். அங்க போய் கொழுவினவுடன ஒரு டெஸ்ட் கேம் விடுங்கோ: முதல் மூவ் 0 செக்கன்ல விழுந்தா புக் வேலை செய்யுது, யோசிச்சு விழுந்தா பாதை பிழை. வெள்ளையிலயும் கறுப்பிலயும் ரெண்டு தரமும் பாருங்கோ, ஒரு பக்கம் மட்டும் வேலை செய்யிற புக்கும் இருக்கு. ரவுண்டுக்கு இடையில மாத்த விடுவினம் எண்டா, தோத்த கேம்ல புக் முடிஞ்ச இடத்த முதல் பாருங்கோ, அதில ஸ்கோர் நல்லா இருந்தா புக்க விடுங்கோ, தோல்வி புக்கால வந்ததில்ல.